அம்மாவின் இடுப்பும் ஆறரை மணி வேனும்

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களுக்கு ஒரு வேலை உண்டு. இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் வந்து குப்புறப் படுப்பார்கள். கால் முன்னால் வந்தவர் வலிக்கிற இடத்தில் இடது பாதத்தை வைத்து மூன்று முறை லேசாக மிதித்து எடுக்க வேண்டும். எனக்கு ஐந்து வயதிலேயே அந்த வேலை வந்துவிட்டது. நடவு முடிகிற வாரத்திலும் வேர்க்கடலை பிடுங்குகிற வாரத்திலும் காலையில் எங்கள் வாசலில் இரண்டு மூன்று பெண்களாவது படுத்திருப்பார்கள். நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே ஒரு இடுப்பிலிருந்து அடுத்த இடுப்புக்குப் போவேன். அவர்கள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, என் கையில் ஒரு பிடி கடலையைத் திணித்துவிட்டுப் போவார்கள். வலி போனதா என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அடுத்த வாரமும் வந்தார்கள்.

செய்யூரிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். செங்கல்பட்டுக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் இயன்முறை மருத்துவம் படித்தேன். அதை எங்கள் தெருவில் பிசியோ என்பார்கள். இதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் ஆசிரியர் திரையில் உலக வரைபடம் ஒன்றைக் காட்டினார். மனிதரைக் கொல்கிற நோய்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், கொல்லாமல் முடக்கிப் போடுகிறவற்றை யாரும் எண்ணுவதில்லை என்றார். அப்படி முடக்குவதில் உலகம் முழுக்க முதலில் நிற்பது கீழ்முதுகு வலிதானாம். மற்றவர்கள் தேர்வுக்குக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு எங்கள் வாசலில் படுத்திருந்த முதுகுகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. உலகத்தின் முதல் நோயை நான் ஐந்து வயதில் காலால் மிதித்தவள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றோடு யாருக்கும் காலை வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தேடி வந்தவர்களிடம், படித்துவிட்டு வந்து ஒழுங்காகப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சிலருக்கு வருத்தம்தான்.

அதற்குள் அம்மாவும் வேலை மாறியிருந்தாள். அவள் நடவு செய்த நிலங்களில் மனைக்கட்டுக் கல் நட்டுவிட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் இருந்த ஒரு ரிசார்ட்டுக்கு அறை சுத்தம் செய்யப் போனார்கள். காலை ஆறரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். அம்மா கத்தரிப்பூ நிறச் சீருடையும் பெயர் எழுதிய பட்டையுமாக ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போவாள். தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க அந்தப் பட்டையை வைத்துத்தான் கற்றுக்கொண்டாள்.

ஒருத்திக்குப் பன்னிரண்டு அறை. ஒவ்வொன்றிலும் எங்கள் வீட்டு நடை அளவுக்கு ஒரு மெத்தை. அதன் மூலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் விரிப்பை உள்ளே செருக வேண்டும். பிறகு சுற்றி வந்து அடுத்த மூலை. ஒரு சனிக்கிழமை ஏழாவது அறையில் மூலையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. அன்று வேனின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டி வந்தார்கள்.

டாக்டர் மாத்திரையும் இரண்டு வார ஓய்வும் எழுதிக் கொடுத்தார். ஸ்கேனும் எடுத்தார்கள். ஜவ்வு விலகியிருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று யாரோ அங்கேயே அம்மாவுக்கு விளக்கிவிட்டார்கள். மாத்திரை தீர்ந்தது, இரண்டு வாரமும் தீர்ந்தது. தேய்மானம் என்ற சொல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. யார் பார்க்க வந்தாலும் அம்மா மஞ்சள் பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நடமாடச் சிரமப்படுகிறவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் ஒரு வேனில் எனக்கு வேலை. ஊர் ஊராகப் போய், வலிக்கிறது என்று படுக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள், பயந்து அசையாமல் இருந்தால்தான் முதுகு இறுகும் என்று சொல்வேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, "நீ இனிமே வேலைக்குப் போவாத. நான் கீறேன் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னேன். முதல் சம்பளத்தில் இரும்புக் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டேன். பானையைத் தூக்காதே, குனியாதே, தரையில் உட்காராதே என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். பெண் சம்பாதிக்கிறாள், அம்மா ராணி மாதிரி இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அது காதுக்கு இனிப்பாக இருந்தது. படித்தது எல்லாம் அந்த இனிப்பில் மறந்துபோயிற்று என்பதை இப்போது எழுதும்போதுதான் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ள முடிகிறது.

பத்து மாதத்தில் அம்மா சுவரைப் பிடித்து நடக்கிறவளாக ஆனாள். பஸ் குலுக்கும் என்று சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கே போகவில்லை. தன் இடுப்பைப் பற்றி, வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட கோபக்கார மாமியாரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள். "அது இன்னிக்கு சரியில்ல. அதுக்குப் புடிக்கல." கொத்து வேலை முடிந்து வந்து அப்பாதான் தண்ணீர் பிடித்தார், குழம்பு வைத்தார். "உங்கம்மா இப்ப வி.ஐ.பி. நான் பி.ஏ." என்பார். அம்மா முன்பெல்லாம் அதற்குப் பதில் கொடுப்பாள். அந்த மாதங்களில் கொடுக்கவில்லை.

ஒரு நாள் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து கேட்டாள். "ஊருக்கே கால் வச்சவ. எனக்கு வைக்க மாட்டியா?"

"அதுக்கா நாலரை வருஷம் படிச்சேன்?" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திரும்புவதற்கே கட்டில் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் வேன் புதிதாகப் போகும் வீடுகளில் நிரப்ப ஒரு படிவம் உண்டு. அதில் எனக்குப் பிடித்த கேள்வி கடைசியில் இருக்கும். இப்போது முடியாத எந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்? வலி எவ்வளவு என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒவ்வொருவரும் வேறு வேறு. கோயில் குளத்தில் இறங்க வேண்டும் என்பார் ஒருவர். பேத்திக்குத் தரையில் உட்கார்ந்து தலை பின்னிவிட வேண்டும் என்பார் இன்னொருவர். கடப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா, தலையில் இருக்கும் கூடையை இறக்க இன்னொருத்தி கையை எதிர்பார்க்காமல் தானே இறக்க வேண்டும் என்றாள். அதற்காக ஆறு வாரம் நானும் அவளும் முதலில் காலிக் கூடையோடும் பிறகு மணல் போட்ட கூடையோடும் பழகினோம்.

அந்த அக்காதான் ஒரு காலையில் என் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று விசாரித்தாள். ரிசார்ட்டில் முதுகு பிடித்துக்கொண்டதையும், இப்போது நான் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதையும், கட்டில் வாங்கியதையும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கள மட்டும் எய்ந்து நட, குனி, கூடையத் தூக்குன்ற. உங்கம்மாவுக்கு மெத்த போட்டுப் படுக்க வச்சிகினு கீற. அவ இன்னா, உன் பேஷண்ட் இல்லியா பாப்பா?"

வேன் ஓட்டுகிறவர் சிரித்துவிட்டார். நானும் சிரிப்பது போல ஏதோ செய்தேன். 

சாயங்காலம் ஒரு புதுப் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மா கட்டிலில் இருந்தாள். நான் கீழே உட்கார்ந்து, மற்றவர்களிடம் கேட்பது போலவே வயது, வேலை, எத்தனை மாதமாக வலி என்று கேட்டு எழுதினேன். அவள் முதலில், "இன்னாடி வெளயாட்டு இது" என்றாள். பிறகு ஒழுங்காகப் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு வந்தேன். எந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆசை?

ஒன்றும் இல்லை என்றாள். நான் படிவத்திலிருந்து பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

"வேன்ல போவணும்" என்றாள்.

"எங்கமா?"

"வேலைக்குத்தான். ஜன்னலோரம் என் சீட்டு கீது. அதுல இப்ப வேற ஒருத்தி ஒக்காந்துகினு வர்றாளாம்."

பத்து மாதமாக அவள் காலையில் ஆறரைக்கு வேன் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியது ஓய்வு என்று நான் நினைத்திருந்தேன். நான் எழுதினேன். வேலைக்குப் போக வேண்டும்.  அம்மா வேலைக்குப் போவதை நிறுத்துவதற்காகத்தான் நான் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

மறுநாள் முதலில் ஸ்கேன் படத்தை எடுத்தேன். அவள் வயதில் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் இதுபோல நிறையப் பேருக்கு இருக்கும், நரைத்த முடி மாதிரி இது என்றேன். அவள் நம்பவில்லை. தெருமுனை வரை நடந்துவிட்டு வரும் வரை படம் என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் நாள் தெருமுனை. பிறகு தண்ணீர்க் குழாய். பிறகு பஸ் நிறுத்தம். நடந்தாள், திட்டினாள், நடந்தாள். நடுவில் ஒரு வாரம் வலி அதிகமாகி, படிப்பைக் கொண்டுபோய் குப்பையில் போடச் சொன்னாள். அந்த வாரம் தூரத்தைக் குறைத்தேனே தவிர நிறுத்தவில்லை. ஒரு நாள் அவளே ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்கினாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகிவிட்டுப் போனாள்.

மூன்றாம் மாதம் கட்டில் மெத்தையிலேயே விரிப்புப் போடப் பழகினோம். இடுப்பை மட்டும் மடக்காமல் ஒரு முழங்காலைக் கட்டில் ஓரத்தில் ஊன்றச் சொன்னேன். எங்கள் மெத்தை இலவம்பஞ்சு. ரிசார்ட் மெத்தையின் கனம் அதில் வராது என்றாள். அப்பா வந்து அதன் மேல் படுத்துக்கொண்டார். "இப்ப தூக்கு. இது ஃபைவ் ஸ்டார் வெயிட்டு." ஒரு வருடத்துக்குப் பிறகு அம்மா அவருக்குப் பதில் கொடுத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

அவளோடு வேலை பார்த்த எதிர்வீட்டு அக்கா அன்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் முதுகு வலி இருந்தது. ரிசார்ட் வேனில் வருகிற எல்லாருக்குமே இருந்தது, யாரும் வாய் திறப்பதில்லை, திறந்தால் வேலை போய்விடும் என்றாள். பேசிக்கொண்டே விரிப்பின் மறுமுனையைச் சும்மா கையில் எடுத்தாள். அம்மா இந்தப் பக்கம் மூலையைத் தூக்க, அவள் அந்தப் பக்கம் தூக்க, விரிப்பு ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. அம்மா நின்று மெத்தையைப் பார்த்தாள்.

நடவில் யாரும் தனியாகக் குனிவதில்லை என்றாள் அம்மா. வரிசையாகக் குனிவார்கள். ஒருத்தி நிமிர்ந்தால் அடுத்தடுத்து எல்லாரும் நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துப் பின்னால் வளைந்து, யாரையாவது கிண்டல் செய்துவிட்டு மறுபடி குனிவார்கள். அங்கே ரிசார்ட்டில் ஒவ்வொருத்தியும் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குனிகிறாள். நிமிரச் சொல்ல ஆள் இல்லை. நாலரை வருடத்தில் இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை.

எதிர்வீட்டு அக்கா தயங்கினாள். யாருக்கு எந்த அறை என்று தினமும் லிஸ்ட் கொடுக்கிறார்கள், மாற்றினால் மேற்பார்வை மேடம் திட்டுவார் என்றாள்.

"லிஸ்ட்ட அவங்களே வச்சிக்கட்டும்" என்றாள் அம்மா. "உன் ரூமுக்கு நான் வர்றேன், என் ரூமுக்கு நீ வா. எண்ணிக்க சரியா இருந்தா யாரு கேக்கப் போறா?"

அந்த அக்காதான் மேற்பார்வை மேடத்திடம் அம்மாவுக்காகப் பேசினாள். ஒரு நாள் முழுதும் வந்து செய்து காட்டட்டும், பன்னிரண்டு அறையும் நேரத்துக்கு முடிய வேண்டும், முடியாவிட்டால் மறுபடி கேட்டு வரக் கூடாது என்று பதில் வந்தது. ஒரே ஒரு நாள். அம்மா சரி என்றாள். நான்தான் இரண்டு நாள் சாப்பிடாமல் சுற்றினேன். முதுகு மறுபடி பிடித்துக்கொண்டால் அவள் இன்னொரு முறை கட்டிலை விட்டு இறங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த முறை என் பேச்சையும் கேட்க மாட்டாள்.

அந்த நாள் காலை ஆறு மணிக்குச் சீருடை போட்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு அம்மா கூடத்துக்கு வந்தாள். பெயர்ப் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். முட்டியை ஊன்றித் தரையில் இறங்கி, குப்புறப் படுத்தாள்.

"வை" என்றாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். இதனால் வலி போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று உறைத்தது. பத்து மாதம் தரையில் உட்காராதவள், யாரையும் பிடிக்காமல் தானே இறங்கிப் படுத்திருக்கிறாள். நான் இடது பாதத்தை வைத்தேன். அந்த இடுப்பை என் கைகளுக்கு நன்றாகத் தெரியும், என் பாதத்துக்குத் தெரியாது. எல்லாருக்கும் வைத்திருக்கிறேன், அவளுக்கு மட்டும் சின்ன வயதிலும் வைத்ததில்லை. கூலிக்குப் போகிற அவசரத்தில் அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

"போதும். வழி வுடு, வேன் வந்துடும்."

ஒரு முழங்கால், ஒரு கை, பிறகு மறு கால், நான் கற்றுக்கொடுத்த அதே வரிசை. எழுந்து சேலைக்குப் பழகிய கையால் சீருடையைத் தட்டிவிட்டாள். பட்டையைக் குத்திக்கொண்டு போய் வேனில் ஏறினாள். ஜன்னலோரத்தில் இருந்த பெண் எழுந்து உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

அன்று நான் நான்கு வீடுகளுக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் போனைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு அழைப்பு வரவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் வரவில்லை. பின்சீட்டில் படுக்க வைத்து வருகிற காட்சிதான் கண் முன்னால் நின்றது. இரண்டரைக்குப் பொறுக்க முடியாமல் நானே அழைத்தேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் இரண்டு மூன்று பெண்கள் எதற்கோ சிரிக்கும் சத்தம்.

"இன்னா?" என்றாள்.

"எப்படிமா கீது?"

"எது?"

"இடுப்புதான்."

"அய்ய, வேலையா கீறேன். வைடி."

வைத்துவிட்டாள். மீன்கார அக்காவின் வீட்டு வாசலில் நின்று நான் போனைப் பார்த்துச் சிரித்தேன். நடந்தவற்றை அவளிடம் சொன்னேன். அவள் எனக்கு நாலு கெளுத்தி மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள். கட்டிலை விற்றுவிடு என்றும் சொன்னாள்.

சாயங்காலம் வேன் நிற்கும் இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றேன். மகளாக நின்றேனா பிசியோவாக நின்றேனா தெரியாது. அம்மா கதவுக் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். வலது காலை ஊன்றும்போது முகம் சுருங்கியதைப் பார்த்தேன். இறங்கியதும் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்னால் வளைந்தாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டு அக்காவும், அவளுக்குப் பின்னால் இறங்கிய இருவரும் வரிசையாக அதையே செய்தார்கள். பன்னிரண்டு அறையும் முடிந்துவிட்டதாம். இருவர் சேர்ந்து செய்ததை மேடம் பார்த்தாராம். ஒன்றும் சொல்லாமல் மெத்தையின் மூலையை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாராம்.

வீட்டை நோக்கி நடந்தோம். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றாள். "நேத்தும்தான் வலிச்சிது. நேத்து சும்மா படுத்துகினு வலிச்சிது."

கொஞ்ச தூரம் போன பிறகு, கையில் என்ன பை என்று கேட்டாள். மீன் என்றேன். கொடு, நான் ஆய்கிறேன், உங்கப்பன் வைத்த குழம்பைத் தின்று நாக்கு செத்துப்போயிற்று என்று பையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.